அரிசிக்குள் பத்து டேபிளட்

பிளேடு கையில் இருந்தது, பெட்டி மேசை மேல் இருந்தது, ஆனாலும் தலைமையாசிரியர் ஆவுடையப்பனுக்கு அறுக்க மனசு வரவில்லை.

"சார், பெட்டி சீலத்தான கிழிக்கச் சொன்னேன். கெடாவா வெட்டச் சொன்னேன்?" என்றார் கல்பனா டீச்சர்.

"செத்த நேரம் சும்மா இரும்மா. எட்டு மாசம் காபந்து பண்ணி வச்ச சாமான்."

மார்ச் மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகள் படிப்பதற்கென்று பத்து டேபிளட்டுகள் அந்தப் பள்ளிக்கு வந்து இறங்கின. மம்சாபுரத்தைத் தாண்டி, செண்பகத்தோப்பு மலை பக்கத்தில் தெரிகிற நடுநிலைப் பள்ளி அது. ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கினார், ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதினார், பீரோவில் அடுக்கினார், தட்டுக்கு இரண்டு பாச்சை உருண்டை போட்டுப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் ஏறியது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை அவரும் பாச்சை உருண்டையும் தவிர வேறு யாரும் நெருங்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம் இருந்தது. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. அவருக்கு முன்னால் அங்கே தலைமையாசிரியராக இருந்த சுப்புராஜ் சார் ஓய்வு பெற்ற அன்று பார்த்து உலக உருண்டை ஒன்று குறைந்துபோனது. அந்த உருண்டைக்கு விளக்கம் கேட்டு, கொடுத்த விளக்கத்துக்கும் விளக்கம் கேட்டு, மனிதரை ஒன்றரை வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி ஆபீஸுக்கு நடக்க விட்டார்கள். அந்தக் கதி ஆவுடையப்பனுக்கு வரக் கூடாது. மாலையும் கழுத்துமாக வாசலைத் தாண்ட வேண்டும், பின்னாலிருந்து ஒருவரும் 'கொஞ்சம் நில்லுங்க' என்று கூப்பிடக் கூடாது. அவர் சாமியிடம் கேட்டது அவ்வளவுதான்.

அதனால் அந்தப் பள்ளியில் கால்பந்து காற்றடிக்கப்படாமல் கவருக்குள் இருந்தது. மைக்ரோஸ்கோப் பஞ்சுக்குள் தூங்கியது. தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் கூடினால், "ஆவுடையப்பன் சார் மழைக்குக் குடைய விரிக்க மாட்டாருய்யா, குடை நனைஞ்சிரும்" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

கல்பனா டீச்சர் ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். எட்டு மாதமாக வாரம் தவறாமல் கேட்டுப் பார்த்தார். "ஒரே ஒரு டேபிளட் குடுங்க சார். இதயம் எப்படித் துடிக்குதுன்னு பிள்ளைகளுக்குக் காட்டிட்டு அரை மணி நேரத்துல திருப்பித் தாரேன்."

"நெஞ்சுல கை வச்சுப் பாக்கச் சொல்லும்மா, தெரியும்" என்று அனுப்பிவிடுவார் ஆவுடையப்பன்.

அப்படிப்பட்டவர் கையில் பிளேடு ஏறியதற்குக் காரணம், அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்த ஒரு போன். கல்வி ஆபீஸ் கிளார்க் பேசினார். "திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி உங்க பள்ளிக்கூடத்துக்கு வாரார் சார். டேபிளட் பத்தையும் பெட்டியோட எடுத்து வைக்கச் சொன்னாரு." அவ்வளவுதான். எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

எதற்கு என்று கேட்கவும் வேண்டுமா? பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் பூட்டி வைத்த சங்கதி எப்படியோ மேலே போய்விட்டது. கையும் களவுமாகப் பிடிக்க வருகிறார்கள். முப்பத்து மூன்று வருடம் கழித்து முதல் மெமோ, அதுவும் உலக உருண்டையைவிடப் பெரிய சாமானுக்கு.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். ஒன்று போனதும் மற்ற ஒன்பதும் சுலபமாகப் போயின. பத்து டேபிளட்டும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. அப்போதுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது.

"என்னம்மா இது, இப்படி மின்னுது?"

"புதுசுல்லா சார்."

"எட்டு மாசம் நம்ம பிள்ளைக கையில பொழங்குன சாமான் இப்படியா இருக்கும்? நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு ஸ்கேலுக்காவது முனை இருக்கா? பாத்ததுமே கண்டுபிடிச்சிருவாரு."

"பிள்ளைககிட்ட குடுங்க சார். சாயங்காலத்துக்குள்ள எட்டு மாசப் பழசாக்கித் தந்துருவாங்க."

நியாயமான யோசனைதான். ஆனால் பத்தில் ஒன்று கீழே விழுந்தால்? ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். கல்பனா பெருமூச்சு விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

தனியாக உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் அறையைச் சுற்றிப் பார்த்தார். பீரோவின் கதவில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. பள்ளி மணியில் இருந்தது. தண்ணீர் மோட்டாரில் இருந்தது. வெளியே நின்ற கல்பனாவின் ஸ்கூட்டியிலும் இருந்தது. எல்லாம் போன மாதம் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. புழங்குகிற சாமான் ஒன்றுவிடாமல் பொட்டு வைத்திருக்கிறோம், டேபிளட்டில் மட்டும் இல்லை என்றால் புழங்கவில்லை என்றுதானே ஆகும்? பொட்டு இருந்துவிட்டால் கேள்வியே இல்லை. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சந்தனத் தூளைக் கெட்டியாகக் குழைத்தார். பலகை மாதிரி இருக்கிற சாமானுக்கு நெற்றி எது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. உற்றுப் பார்த்தபோது, கண்ணாடிப் பக்கம் மேலே நட்டநடுவில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. பொட்டுக்கென்றே அளவெடுத்து விட்ட இடம் போலிருந்தது. பத்துக்கும் அந்தப் புள்ளி மேல் கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். பின்பக்கமும் அதே மாதிரி ஒன்று இருந்தது. அதையும் விடவில்லை.

மதியம் வந்த கல்பனா ஒன்றை எடுத்து ஆன் செய்தார். முகத்துக்கு நேரே பிடித்தார். திருப்பிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்தார்.

"சார், மொகத்தப் படம் பிடிச்சுப் பதிஞ்சாத்தான் இது பாடத்தத் தெறக்கும். ஆனா என் மொகத்துக்குப் பதிலா மஞ்சளா எதோ வருது."

"வெளிச்சம் பத்தலையோ என்னவோ."

கல்பனா விரலால் தொட்டுப் பார்த்தார். "கேமரா மேல என்னத்த சார் அப்பி வச்சிருக்கீங்க?"

"அது பொட்டும்மா."

"பொட்டு வச்ச எடம் கண்ணு சார்."

ஆவுடையப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. உடனே வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, துணியை நனைத்து, பத்தையும் தேய்த்து எடுத்தார். கல்பனா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "சுத்தமா இருக்கணும்மா" என்று இன்னொரு தடவை நனைத்தார். கரைந்த சந்தனம் ஓரத்தில் இருந்த ஓட்டைகளில் நைசாக இறங்கியது. சார்ஜரைச் சொருகினால் பத்தில் ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை.

கல்பனா தன் அண்ணன் கௌதம்ராஜுக்குப் போன் போட்டார். அவருக்கு ராஜபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. அவர் சிரித்து முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து வைத்தியத்தைக் கேட்டுக்கொண்டார் கல்பனா.

"அரிசிக்குள்ள பொதைச்சு ரெண்டு நாள் வைக்கணுமாம் சார். ஈரத்த இழுத்துருமாம்."

"எம்புட்டு அரிசி?"

"பத்தும் முங்குற அளவுக்கு."

அம்புட்டு அரிசி அந்த வட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. சத்துணவு அறையின் பெரிய டிரம்மில். சமையல் செய்யும் பிச்சையம்மாள் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அறைக்கும் ஒரு சாவி ஆவுடையப்பனின் இடுப்பில் இருந்தது. அரிசித் தூசி உள்ளே போய்விடக் கூடாதே என்று, ஆண்டு விழா மேசைக்கு வாங்கிய சிவப்புத் துணியைப் பத்தாகக் கிழித்து, ஒவ்வொரு டேபிளட்டையும் நன்றாகச் சுற்றினார். டிரம்மில் முழங்கை வரை குழி பறித்து, பத்தையும் புதைத்து, அரிசியைத் தடவிச் சமன்படுத்தினார்.

"பிச்சையம்மாக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க சார்."

"எதுக்கு நாலு பேருக்குத் தெரியணும்? திங்கக்கிழமை அவ வாரதுக்கு முன்னால நான் வந்து எடுத்துருவேன்."

சொன்னபடி திங்கட்கிழமை எட்டரை மணிக்கே வந்துவிட்டார். ஆனால் அறுபது பிள்ளைகளுக்குச் சோறு வேக வேண்டுமென்றால் அடுப்பை எத்தனை மணிக்குப் பற்றவைக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் யோசித்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மணி மட்டுந்தான்.

சத்துணவு அறை திறந்து கிடந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. டிரம்மில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது, பள்ளத்துக்குள் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வாசலில் எட்டாம் வகுப்பு முனீஸ்வரி நின்றாள்.

"ஆயாவ எங்கட்டி?"

"கண்மாய்க்குப் போயிருக்காவ சார். அரிசிக்குள்ள யாரோ செய்வினைத் தகடு பொதைச்சு வச்சிருக்காவளாம். பத்துத் தகடு. செவப்புத் துணியில சுத்தி, சந்தனம் குங்குமமெல்லாம் ஊறிப்போயி இருந்துச்சு. ஒத்தத் தகடுக்கே குடும்பம் தாங்காது, பத்து வச்சவன் எப்பேர்ப்பட்ட பாவியா இருப்பான்னு சொல்லிட்டே போனாவ."

ஆவுடையப்பன் டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினார். "அதக் கையில எடுத்துட்டா போனா?"

"கூடையில சார். தண்ணியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணுமாம்."

ஆவுடையப்பனின் மொபெட் அவ்வளவு வேகம் போகும் என்பது அதற்கே அன்றுதான் தெரிந்திருக்கும். ஐப்பசி மழைக்குக் கண்மாய் விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. மடை மேல் பிச்சையம்மாள் நின்றார். கூடை காலடியில் இருந்தது. கையைக் கூப்பிக் கண்ணை மூடி, யார் வைத்திருக்கக்கூடும் என்று சாமியிடம் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியல் நீளமானது. டேபிளட்டுகள் பிழைத்தது அதனால்தான்.

"பிச்சையம்மா, அதத் தண்ணியில விட்டுராத" என்று மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினார் ஆவுடையப்பன்.

"கிட்ட வராதிய சார். ரிட்டயர் ஆகப் போற நேரம், உங்க மேல ஏறிரும்."

"ஏறாது. அத வச்சது நாந்தான்."

பிச்சையம்மாள் கண்ணைத் திறந்தார். மேலும் கீழுமாக அவரைப் பார்த்தார். "நீங்களா சார்? எனக்கா வச்சிய? அன்னைக்குச் சாம்பார்ல உப்புக் கூடிப்போச்சுன்னு சொன்னிய, அதுக்கா?"

"ஐயோ, ஒனக்கு இல்ல. இது தகடே இல்ல பிச்சையம்மா. டேபிளட். பிள்ளைக படிக்கறது." அவசரமாக ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சிவப்புத் துணிக்குள்ளிருந்து கண்ணாடி பளபளத்தது.

பிச்சையம்மாள் குனிந்து பார்த்தார். "எம் மகளோட பெரிய போன் மாதிரி இருக்கு. எப்ப வந்துச்சு?"

"மார்ச் மாசம்."

"இம்புட்டு நாளா எங்க இருந்துச்சு?"

"பீரோவுல."

"பீரோவுல இருந்துச்சு. பொறவு அரிசிக்குள்ள இருந்துச்சு. பிள்ளைக கையில மட்டும் ஒருநாளும் இருந்ததில்ல. அப்பிடித்தான சார்?"

கல்பனா எட்டு மாதமாகச் சொன்னதைவிட இது ஆவுடையப்பனைச் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. கூடையைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டார்.

"அந்த அரிசியில நான் சமைக்கணும்னா ஒரு கண்டிசன்" என்றார் பிச்சையம்மாள். "மொதப் பந்தியில நீங்க உக்காந்து சாப்பிடணும்."

"சாப்பிடுதேன். உப்புக் கூடுனாலும் சாப்பிடுதேன்."

ஒன்பதரை மணிக்குக் கல்பனா சார்ஜரைச் சொருகினார். ஒவ்வொன்றாகப் பத்தும் கண் திறந்தன. ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை தயங்கவில்லை, தானே பத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் கையில் கொடுத்தார், மூன்று பேருக்கு ஒன்று.

"எத்தன நாளா பொழங்குதியன்னு அதிகாரி கேட்டா, எட்டு மாசமான்னு சொல்லணும்."

முனீஸ்வரி கையைத் தூக்கினாள். "எட்டு மாசமா என்ன சார் படிச்சோம்?"

"அதத்தான் இப்ப ஒரு மணி நேரத்துல படிக்கப் போறோம்" என்றார் கல்பனா.

படிக்கவும் செய்தார்கள். பத்து நிமிடத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று பிடித்துக்கொண்டார்கள். பத்து இதயங்கள் வகுப்பறை முழுக்க லப்டப் என்று துடித்தன. முனீஸ்வரியும் கூட்டாளிகளும் ஜன்னல் வழியாகப் புளியமரத்தில் இருந்த சாம்பல் அணிலைப் படம் பிடித்து, அது காய் கொறிக்கிற பல்லைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கடைசிப் பெஞ்சில் எப்போதும் தூங்குகிற கூட்டம்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்த ஆவுடையப்பனுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு அடைத்தது. எட்டு மாதம் இதைப் பாச்சை உருண்டைக்குக் கொடுத்து வைத்திருந்தேனே, மடையன், என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

சரியாகப் பதினோரு மணிக்கு அதிகாரியின் கார் வந்தது. டிரைவர் பாண்டிச்செல்வம் கதவைத் திறந்துவிட, அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். வகுப்பறை வாசலுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சார் இது? டேபிளட்டயெல்லாம் பிரிச்சாச்சா?"

"வந்த அன்னைக்கே பிரிச்சாச்சு சார்."

"பத்தையுமா?"

"பத்தையும் சார். ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "நீங்க சாமானெல்லாம் ரொம்பப் பத்திரமா வச்சிருப்பீங்கன்னுல்ல கேள்விப்பட்டேன்?"

இதோ வருகிறது மெமோ என்று நினைத்தார் ஆவுடையப்பன். "ஆகாதவங்க சொன்னதா இருக்கும் சார். சாமான் வந்தா அன்னைக்கே பிள்ளைக கைக்குப் போயிரணும், அதுதான் என் கொள்கை." பின்னால் கல்பனாவுக்கு இருமல் வந்தது.

"பெட்டி?"

"இந்தா இருக்கு சார், பத்தும்."

அதிகாரி ஆவலாக எழுந்து போய் ஒன்றைத் தூக்கிக் கனம் பார்த்தார். வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். பத்தையும் தூக்கிப் பார்த்தார். கடைசிப் பெட்டியில் அறுந்து கிடந்த சீல் டேப்பை விரலால் தடவிக் கொடுத்தார். அறுப்பு புதுசாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று ஆவுடையப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"எட்டு மாசமா தெனமும் படிக்கோம் சார்" என்று முனீஸ்வரி கேட்காமலே சொல்லி, அணிலின் பல்லைக் கொண்டுவந்து காட்டினாள். அதிகாரி பல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மனசில்லாமல் சிரித்தார், பிறகு மனசோடும் சிரித்தார். பார்வையாளர் பதிவேட்டை வாங்கி எழுதினார்.

'மாணவர்கள் டேபிளட்டுகளை மிகச் சிறப்பாகப் பயன்படுத்துகிறார்கள். தலைமையாசிரியருக்குப் பாராட்டுகள்.'

ஆவுடையப்பன் அதை மூன்று முறை படித்தார். மெமோ வரவிருந்த இடத்தில் பாராட்டு வந்திருக்கிறது. இனி வாசலைத் தாண்டும்போது யார் கூப்பிடப் போகிறார்கள்? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். அதிகாரி வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் புளியமரத்தடிக்குப் போய் யாருக்கோ போன் போட்டு, "இங்கயும் இல்ல சார், இங்கயும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஆவுடையப்பன் டிரைவருக்கு டீயை நீட்டினார். "நல்லா எழுதிக் குடுத்துருக்காரே தம்பி, பொறவு ஏன் மொகம் அப்படி வாடிப்போச்சு?"

பாண்டிச்செல்வம் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "புதன்கிழமை ராஜபாளையத்துல விழா வச்சிருக்கு, மேடையில பிள்ளைகளுக்குக் குடுக்க வேண்டிய புது டேபிளட் இன்னும் வந்து சேரல, பொட்டி பிரிக்காம பத்து வச்சிருக்கற ஒரே ஆளு நீங்கதான், அத வாங்கிட்டு, உங்களையும் மேடையேத்திச் சால்வையப் போத்திருவோம்னு உங்களத்தான் மல மாதிரி நம்பி வந்தாரு சார்."